செவ்வாய்க்கிழமை பூட்டிய ஹம்மாம்

மெக்னெஸ்,
செவ்வாய், பிற்பகல்

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஜிலாலி அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் பூஷ்தா சலாம் கூறி எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் நலமும், உங்கள் முழங்கால் வலியின் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் டாக்ஸிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாளை நம் மகள் ஹஸ்னாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வியாழக்கிழமை கப்பல் ஏறுகிறார், தள்ளிப்போட வழியில்லை. இந்த நேரம் பார்த்து நகராட்சி, வறட்சியைக் காட்டி, திங்கள் முதல் புதன் வரை ஊரின் ஆவிக்குளியல் ஹம்மாம்கள் எல்லாவற்றையும் பூட்டச் சொல்லிவிட்டது. அந்த விதியைக் கூட்டத்தில் வாசித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கை தட்டியவன் அடியேன். கல்யாணத்துக்கு முன் பெண் ஹம்மாமில் குளிக்க வேண்டுமே என்பது கை தட்டும்போது யாருக்கு ஞாபகம் வரும்? சம்பந்தியம்மா ஸொஹ்ராவுக்கு வந்தது. "ஹம்மாம் குளிக்காத பொண்ணுக்கு மருதாணி கிடையாது. மருதாணி இல்லேன்னா கல்யாணமும் கிடையாது" என்று காலையில் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார்.

ஹம்மாம்கார அம்மாவிடம் ஓடினேன். "நீங்க கை தட்டினதைப் பின்வரிசையிலேருந்து பார்த்தேண்ணே. வியாழக்கிழமை வாங்க" என்று கதவைச் சாத்தினார். வேறு வழியில்லாமல் கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் ஆவிக் கூடாரம் வாங்கி, கூடத்தில் நிறுத்தி, வீட்டில் சேமித்த தண்ணீர் முழுவதையும் கொதிக்கவைத்து அண்டா அண்டாவாக உள்ளே வைத்தோம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த சம்பந்தியம்மா தானே முதலில் உள்ளே போய், உடம்பெல்லாம் கறுப்பு சோப்பைப் பூசிக்கொண்டு, "ஆவி பத்தலை!" என்றார். உங்கள் தங்கை பத்தூல் இன்னொரு அண்டாவைத் தள்ளப் போய்க் கம்பியை இடித்தாள். கூடாரம் சம்பந்தியம்மா தலையில் சரிந்தது. உள்ளே அவர் அலற, சடங்கு தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவை போட, அவர் இன்னும் அலற, அவர்கள் இன்னும் போட... மச்சான், அண்டாத் தண்ணீர் முழுக்கக் கம்பளத்துக்குப் போயிற்று. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. ஆனால் சோப்பைக் கழுவ ஒரு சொட்டு இல்லை. குழாயில் காற்றுதான் வந்தது.

"சோப்பு உடம்போட என்னை அனுப்புற வீட்டுல என் மகன் காலெடுத்து வெக்க மாட்டான்" என்று போர்த்திக்கொண்டு போய்விட்டார். ஹஸ்னா மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். சம்பந்தியம்மா உங்கள் பேச்சுக்குத்தான் மசிவார். சமாதானத்துக்கு ஒரு சர்க்கரைக் கூம்பும், மறக்காமல் இரண்டு குடம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு உடனே போய்ப் பேசவும்.

உங்கள் வீட்டுக் குழாய் என்றும் வற்றாதிருக்க இறைவனை வேண்டும்,
பூஷ்தா

பின்குறிப்பு: மச்சான், போக வேண்டாம். உறையை ஒட்டும்போது ஹஸ்னா வந்தாள். "வாப்பா, நான் ஞாயித்துக்கிழமையே ஹம்மாம் போய்க் குளிச்சாச்சு."

"ஏண்டி, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கூடாரம் வாங்குனீங்க, அண்டா தூக்குனீங்க. குளிக்கப்போறவ நான்தானே, என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

போனில் மாமியாரிடமும் சொல்லிவிட்டாளாம். அவர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, சோப்பு அரிக்கிறது, சீக்கிரம் வா என்றாராம். மாடிவீட்டில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு அவர் முதுகைக் கழுவக் கிளம்பிவிட்டாள். மருதாணியும் அங்கேயேதானாம். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் வாப்பா, நாளைக்குக் கல்யாணத்துக்கு மட்டும் வந்துடுங்க" என்றாள்.