சீட்டு இருந்தால் அரைக்கப்படும்

அரசு அலுவலகத்தில் பழைய காகிதம் இருக்கக் கூடாது என்று மேலிடத்தில் யாருக்கோ ஞானம் பிறந்ததால், செங்கல்பட்டு மாவட்டத்து வேளாண் அலுவலகம் ஒன்றில் காகிதம் அரைக்கும் மெஷின் வந்து இறங்கியது. சந்தனம் குங்குமம் வைத்தார்கள். விதி ரொம்ப எளிது: சிவப்புச் சீட்டு ஒட்டிய காகிதம் அரைக்கப்படும். ஒட்டியவர் யார் என்று கேட்பதற்கு விதியில் இடமில்லை.

அந்த வாரம்தான் காசியம்மாள் ஒரு கத்தரிச் செடியை வேரோடு பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். அரை ஏக்கர் குத்தகை நிலம். மாமல்லபுரத்து ஓட்டல்களில் அவள் காய்க்குக் கிராக்கி. பேரத்தில் அவளை ஜெயித்த ஓட்டல்காரன் இனிமேல்தான் பிறக்கவேண்டும். இப்போது ஆறு வரிசைச் செடி பொடிப்பொடியாய் இலை விட்டுப் புதராய்த் தழைத்திருக்கிறது. பூ இல்லை, காய் இல்லை. பரவினால் மொத்த வயலும் போச்சு. மிச்ச முப்பது வரிசைக்குக் கண்படக் கூடாதென்று, அம்மன் கோயில் சிவப்புத் துணியைக் கிழித்துச் செடிக்குச் செடி வெள்ளிக்கிழமைதான் கட்டியிருந்தாள்.

உதவி அலுவலர் ஹெலன் செடியைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது சிற்றிலை நோய், அக்கா. செடிக்குள்ளயும் ஒரு அரவை மெஷின் இருக்கு. வேலை முடிஞ்ச புரதத்துக்குச் செடியே சீட்டு ஒட்டும், மெஷின் அரைச்சிடும். இந்தக் கிருமி பூ பூக்கச் சொல்ற புரதத்தைக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், அதே மெஷின்ல தள்ளிடுது. சீட்டே இல்லாம."

"அட திருட்டுப் பயலே. செடி வூட்டு அம்மியிலயே செடியோட பூவ வச்சு அரைக்கிறான்."

மருந்தடித்துப் பயனில்லை; நோய்ச் செடிக்குச் சிவப்புத் துணி கட்டி, கட்டியதையெல்லாம் பிடுங்கி எரிக்க வேண்டும் என்றாள் ஹெலன். காசியம்மாள் உடனே புருஷன் லட்சுமணனுக்கு போன் போட்டு அதை அப்படியே ஒப்பித்தாள். பக்கத்து வயல்களிலும் பிடுங்கினால்தான் நோய் நிற்கும் என்பதால், ஊருக்கே ஒரு சுற்றறிக்கை அடித்து அதிகாரி பார்த்திபன் மேஜையில் வைத்தாள் ஹெலன்.

கையெழுத்துக்குக் காசியம்மாளும் காத்திருந்தபோது பூச்சிமருந்துக் கடை வசந்த் உள்ளே வந்தான். சொந்த வீடு மாதிரி நடமாடினான். 'மருந்தடித்துப் பயனில்லை' என்ற வரியைப் படித்தான். மேஜையில் கிடந்த சீட்டில் ஒன்றைக் கிழித்து, எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு, வணக்கம் வைத்துப் போனான். பியூன் வந்தான், எடுத்தான், போட்டான். கர்ர்ர்.

காசியம்மாள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"இன்னா சார், உங்க ஆர்டரையே அரைச்சுட்டீங்க?"

"சீட்டு இருந்ததும்மா."

"ஒட்னது மருந்துக்கடைக்காரன். கண்ணால பார்த்தேன்."

"சீட்டு யாருடையது?"

"உங்களுது."

"பசை?"

"அதுவும் உங்களுது. எச்சி மட்டும் அவன்து."

"எச்சில் பற்றி விதி இல்லை." பார்த்திபன் கண்ணாடியைத் துடைத்தார். "ஒன்று புரிந்துகொள்ளுங்கள். அந்தக் கிருமி போல நாங்கள் சீட்டில்லாமல் எதையும் அரைப்பதில்லை."

யார் ஒட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு அரைக்கிறவனுக்கு மேஜை எதுக்கு, ஃபேன் எதுக்கு, மண்டைக்குள்ள மூளைதான் எதுக்கு என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே வேடிக்கை பார்க்க வந்தது. பஸ்ஸிலும் கண்டக்டரிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வயலில் புகை. லட்சுமணன் கையில் மண்ணோடு, ரொம்பத் திருப்தியாக நின்றிருந்தான்.

"பாதி வேலைய நீயே முடிச்சிட்டுப் போயிருக்கியே. துணி கட்டின முப்பது வரிசையும் புடுங்கிட்டேன்."

காசியம்மாள் பையைத் தூக்கி எறிந்தாள்.

"எதுக்குக் கட்டியிருக்குன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கறது என் வேலையா? துணி இருந்துச்சு, புடுங்கினேன்."

மிச்சம் நின்றது ஆறு வரிசை. பொடி இலையோடு, பூவில்லாமல், கடற்காற்றில் செழிப்பாக ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு செடியிலும் துணி இல்லை. ஆகவே விதிப்படி அதைத் தொட முடியாது.