மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளை வீடு

தெரியாத வேலையில் நான் இதுவரை அசிங்கப்பட்டதே இல்லை. அதைத்தான் தொடவே மாட்டேனே. என் மானம் போனதெல்லாம் நன்றாகத் தெரிந்த வேலையில்தான்.

எனக்குச் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. லீவுக்குச் சங்கரன்கோவில் வந்திருந்தேன். அங்கே ஸ்டூடியோ வைத்திருக்கும் அத்தானுக்கு (அக்கா வீட்டுக்காரர்) சாப்பாடு கொண்டுபோனால், கடைக்குள் சண்டை. கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவர், போன வருஷம் நடந்த தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தான் மோதிரம் போட்ட படம் ஆல்பத்தில் இல்லை என்று கொதித்துக்கொண்டிருந்தார். தங்கை குழந்தைக்கு மறுநாள் காது குத்து.

"படத்தக் காட்டுங்க அண்ணாச்சி. இல்லன்னா நாளைக்கு நான் வரல. புள்ளைய யார் மடியில வேணும்னாலும் வச்சுக் குத்திக்கிடட்டும்."

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தா? குழந்தையோடு உட்கார்ந்திருந்த தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தானோ ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். (ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று வைத்துவிட்டு, வைத்ததையே மறந்துபோகிற ஆள்.)

"தள்ளுங்க அத்தான், அஞ்சு நிமிஷம்" என்றேன். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் தானே நுழைந்து, உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியல் போடும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். என் திறமையை எல்லோரும் பார்க்கட்டும் என்று கடையின் பெரிய டிவியில் ஓடவிட்டேன்.

முதல் வரி, "1 மாப்பிள்ளை வீடு". இரண்டாவது வரியும் "1 மாப்பிள்ளை வீடு". மூன்றாவதும் அதுவே. ஏறக்குறைய ஆயிரம் தடவை அதையே சொல்லிவிட்டு மூச்சு முட்டி நின்றது.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "பாத்தியாட்டி. நம்ம வீட்ல இருந்து ஒரு ஆளு கூட மண்டபத்துக்குப் போகல போல."

நான் அசரவில்லை. கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது என்று கூசாமல் பொய் சொல்லி மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் மாப்பிள்ளை வீடு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்பைத் தேடத் தொடங்கிய பிறகுதான் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கண்ணில் படும் ஃபோல்டருக்குள் போ என்பதற்குப் பதில், நிற்கிற ஃபோல்டருக்குள்ளேயே திரும்பப் போ என்று எழுதியிருந்தேன். அதுவும் பாவம், முதல் பெயரைத் தாண்டாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்.

இந்த முறை ஒழுங்காக ஓடியது. "2 பொண்ணு வீடு", அதற்குள் "மோதிரம்", அதற்குள் இன்னொரு ஃபோல்டர், அதில் பதினொரு படங்கள். அந்தக் கடைசி ஃபோல்டரின் பெயரை அண்ணனே டிவியைப் பார்த்து நிதானமாக வாசித்தார்.

"வேண்டாதது."

(சரிசெய்யாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றியது.) அத்தான் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பதினொன்றிலும் அண்ணன் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"ஃபிளாஷ் அடிச்சாலே கண்ண மூடிக்கிடுதீரு. நான் என்னவே செய்ய?" என்றார் அத்தான். தங்கைதான் முதலில் சிரித்தாள். அவள் சிரிக்கவும் அண்ணனுக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாள் காது குத்துக்கு வந்துவிட்டார். மடியில் குழந்தை வீறிட்டு அழ, அவர் இமை கொட்டாமல் கேமராவை முறைக்கும் படம் இன்றும் ஸ்டூடியோ வாசலில் தொங்குகிறது.

நான் மட்டும் தப்பவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "மாப்பிள்ளை வீடு வந்தாச்சு" என்று அத்தான் வாசலிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சொன்னார். காபித் தட்டோடு நின்ற நான் சிரித்த சிரிப்பில் பாதிக் காபி தரைக்குப் போனது. காரணம் கேட்ட மாப்பிள்ளையிடம் முழுக் கதையையும் சொல்லித் தொலைத்தேன். இப்போது நான் "அஞ்சு நிமிஷம்" என்று வாயெடுத்தாலே அவர் எண்ணத் தொடங்கிவிடுகிறார்: "மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளை வீடு..."