வைப்பர் மோட்டார் கொடுத்த பெண்

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிப்பவனையும் ஸ்க்ரூடிரைவரையும் ஒரே வீட்டில் விட்டுவைக்கக் கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லில் எங்கள் வீட்டில் விட்டுவைத்தார்கள்.

அப்பாவின் வலது கை முழங்கைக்கு மேலேயே போர்வெல் போடும் ரிக் லாரியில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் கை சட்டைக்குள் சும்மா தொங்கும். அக்காவின் நிச்சயத்துக்கு, "தட்டைப் பெரியப்பாவே குடுக்கட்டும்" என்றார்கள். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பெண்ணுக்குத் தன் வலது கையால் தட்டுக் கொடுக்க அத்தனை ஆசை. எனக்கு மனசு கேட்கவில்லை. (மூளையும் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

பழைய லாரி வைப்பர் மோட்டார் ஒன்றை அந்தக் கையின் முழங்கைக் கீலில் பொருத்தினேன். தட்டு நழுவாமல் இருக்க விரல்களில் ஒரு கொக்கி. ஒயர் சட்டைக்குள் இறங்கி, அப்பா உட்காரும் பெஞ்சுக்கடியில் இருந்த பேட்டரிக்குப் போனது. சுவிட்ச் என்னிடம். போட்டால் கை நீளும். நீண்டதும் அணைக்க வேண்டும். ஒத்திகையில், "சாமி, என் கை நீளுதடா!" என்று அப்பா சிரித்தார்.

நிச்சயத்தன்று ஜேடர்பாளையத்துச் சம்பந்தி எதிரே உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டேன். தட்டு கம்பீரமாக நீண்டது. அணைக்கப் பார்த்தேன். சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. வைப்பருக்குத் தெரிந்ததெல்லாம் போவதும் வருவதும்தானே? சம்பந்தி தொடுவதற்குள் தட்டு அப்பா மார்புக்கே திரும்பிவிட்டது.

"ஏனுங்க, பொண்ணு குடுக்கறீங்களா, இல்லீங்களா?"

"குடுக்கறனுங்க!" என்றார் அப்பா. தட்டு முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தது.

"அப்புறம் ஏனுங்க இழுக்கறீங்க?"

"நான் இழுக்கலீங்க!"

சம்பந்தியம்மா எழுந்தேவிட்டார். "அவருக்கு மனசில்லீங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம்." பெரியப்பாவோ, சம்பந்திதான் தட்டைப் பிடுங்குகிறார் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒயரைப் பிடுங்கப் பெஞ்சுக்கடியில் நுழைய, யாரோ திருடன் என்று என் காலைப் பிடித்து இழுத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்றே புரியவில்லை.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அப்பாவின் செயற்கைக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். அது அவளையும் சேர்த்து ஒருமுறை ஆட்டியது. மறுபடி முன்னால் போனபோது இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கியைக் கழற்றினாள்.

"வாங்கிக்குங்க மாமா. அப்பாதான் குடுக்கறாரு."

சம்பந்தி வாங்கிக்கொண்டார். அப்பா அழுதுவிட்டார். கை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இன்றும் மழையில் காரில் போனால் மச்சான் வைப்பரைப் போட்டுவிட்டு, அது போகும்போது "குடுக்கறேன்" என்பார், வரும்போது "குடுக்கல" என்பார்.

"அதெல்லாம் எங்கப்பா அன்னைக்கே குடுத்தாச்சுங்க. ரோட்டைப் பாருங்க" என்பாள் அக்கா.