ஐஸ்பெட்டி மேலிருந்த காவல்காரன்

எனக்குத் தாம்பாளம் தூக்கப் பிடிக்காது. அதோடு ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் உட்காரவும் வராது. இந்த இரண்டு குறைகளும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் அக்கா பவானியின் கல்யாணமே சாட்சி. (அக்காவிடம் கேட்டுவிடாதீர்கள். அவள் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் பஸ் போய்விடும்.)

கல்யாணம் பகாவ் ஊர்ப் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த, பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டத்தின் கோயில் மண்டபத்தில். அப்பா அங்கே லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு சிரம்பானை ஒட்டிய ரஹாங்குக்குக் குடிவந்துவிட்டோம். ஆனாலும் அக்காவுக்குத் தோட்டத்தில்தான் தாலி ஏற வேண்டும். காரணம் லெட்சுமி அத்தை. ரத்த சொந்தம் எல்லாம் இல்லை, அடுத்த வீடு. அம்மா செம்பனைப் பழம் பொறுக்கப் போன காலத்தில் அக்காவை இடுப்பில் வைத்து வளர்த்தவர். முதல் நலங்கு அத்தைதான் வைக்க வேண்டும் என்பது அக்கா பள்ளிக்குப் போவதற்கு முன்பே முடிவான விஷயம். அதுபோக, தோட்டத்தில் எந்த விசேஷமானாலும் முதல் நாள் பெண்களைத் திரட்டிக் காய் வெட்டுவதும், ஆண்களை அதட்டி அண்டாவைத் தூக்க வைப்பதும் அத்தைதான். அத்தை வரவில்லை என்றால் அடுப்பு எரியாது.

தோட்டத்து வழக்கப்படி கல்யாண வீட்டார் நேரில் போய் அழைக்க வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், மேலே பத்திரிகை. அப்பாவுக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்தது.

"நீ போய்ட்டு வாடா. வீட்டுக்கு வீடு ஏறி எறங்கணும், யாரையும் விட்டுறக்கூடாது" என்றார்.

எனக்கு நினைக்கும்போதே கால் பரபரத்தது. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும். "சம்பளம் எவ்வளவு, உனக்கு எப்போ கல்யாணம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார்கள். நான் அப்போதுதான் சிரம்பானில் ஒரு சின்ன அலுவலகத்தில் இணையப் பக்கங்கள் செய்யும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உலகமே என் விரல் நுனியில் இருப்பதாக ஓர் எண்ணம்.

"அப்பா, இப்ப யாரு தட்டைத் தூக்கிக்கிட்டு அலையறா? நான் ஒரு வெப்சைட் போடறேன். லிங்க்க தோட்டத்து ஹென்போன் குழுவுல அனுப்பிட்டா போதும்லா. யார் வர்றாங்க, எத்தன பேரு, சைவமா அசைவமா, எல்லாம் அவங்களே தட்டிருவாங்க."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கால் மட்டும் வலிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே எனக்கு ஒன்று விழுந்திருக்கும்.

சாதாரண ஆளாக இருந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிவம் ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்திருப்பான். எனக்குத்தான் சொந்தமாக சர்வர் வேண்டுமே. சோப்புப் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கணினி வாங்கினேன். வீட்டில் இணையப் பெட்டிக்குப் பக்கத்தில் காற்றோட்டமான இடம் ஐஸ்பெட்டியின், அதாவது ஃப்ரிட்ஜின், மேல்தான் இருந்தது. அங்கே இருந்த ஊறுகாய் ஜாடியைத் தள்ளிவிட்டு அதை வைத்தேன். (அம்மா இன்றுவரை ஜாடி உடைந்ததற்கு நான் காரணமில்லை என்பதை நம்பவில்லை.) அதில் இடம் குறைவு, நினைவகமும் குறைவு. அதனால் அதிகம் தின்னாத, இலகுவான மென்பொருளாகத் தேடித் தேடிப் போட்டேன். வருகைப் பதிவுக்கு ஒரு செயலி, படங்களுக்கு ஒரு செயலி, யார் எந்த மேசை என்று சொல்ல ஒரு செயலி. தோட்டத்துப் பந்தியில் மேசை ஒதுக்கீடு எதற்கு என்று அக்கா கேட்டாள். அவளுக்குத் தொழில்நுட்பம் புரியாது என்று முடிவு செய்துகொண்டேன்.

சர்வர் வெளியுலகத்துக்குத் திறந்த அன்று சாயங்காலமே வினை ஆரம்பித்தது. எவனெவனோ எந்தெந்த நாட்டிலிருந்தோ அதன் கதவைத் தட்டிக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பது பதிவில் வரிவரியாக ஓடியது. இணையத்தில் இது தெருவில் நாய் குரைப்பதுபோல, எங்கேயும் எப்போதும் நடப்பதுதான். எனக்கோ அது உறைக்கவில்லை. அக்கா கல்யாணத்தைக் கெடுக்க ஒரு கும்பல் கிளம்பிவிட்டதாகவே நினைத்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஐஸ்பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு காவல்கார மென்பொருளைப் போட்டு விதியை இறுக்கினேன். ஒரே இணைய முகவரியிலிருந்து சட்டுச் சட்டென்று அதிகமாகத் தட்டினால் அந்த முகவரியைக் கல்யாணம் முடியும்வரை உள்ளே விடாதே. எங்கள் வீட்டு முகவரிக்கு மட்டும் விலக்கு.

அத்தோடு நின்றிருக்கலாம். விரட்டப்படுகிறவனுக்கும் நல்ல தமிழில் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்தது. நடுவில் குத்துவிளக்கு, பக்கத்தில் அக்காவும் மாப்பிள்ளையும் சிரிக்கும் படம், கீழே தங்க நிற எழுத்தில் இப்படி எழுதினேன்: "மன்னிக்கவும். தங்களுக்கு இங்கே அனுமதி இல்லை. மீண்டும் முயல வேண்டாம்." எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

லிங்க்கை அனுப்பினேன். கோலாலம்பூர், மந்தின், சிங்கப்பூர் என்று சொந்தங்கள் வரிசையாகப் பதிந்தார்கள். நான் நின்றுகொண்டு பார்த்தேன், நடந்துகொண்டு பார்த்தேன், சாப்பிடும்போது இடது கையால் திரையைப் புதுப்பித்துப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து மட்டும் ஒரே ஒரு பதிவு. பெயர்: சுபர்னோ. ஐந்து பேர். சைவம், அசைவம் இரண்டிலும் குறி.

"யாருடா சுபர்னோ?" என்றார் அப்பா.

தோட்டத்தில் குலை வெட்டும் இந்தோனேசியக்காரர் என்று விசாரித்ததில் தெரிந்தது. எங்களை அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் அவரைத் தெரியாது.

நாள் நெருங்க நெருங்க வீட்டில் பேச்சுக் குறைந்தது. அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நொண்டி நொண்டி நடந்தார். "அவங்களுக்கு லிங்க்க தட்டக்கூடத் தெரியலப்பா" என்று நான் சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட வேண்டும்போல் இருக்கிறது. அக்கா பொறுக்காமல் இணையம் வழியாக அத்தையை அழைத்தாள். மறுமுனையில் அத்தை சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"பெரிய எடத்துக் கல்யாணம் ஆயி. நாங்கல்லாம் எதுக்கு? நீ நல்லா இரு."

வைத்துவிட்டார். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. நலங்குக்கு எடுத்து வைத்திருந்த பித்தளைக் கிண்ணத்தை மெதுவாக அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "அத்தை இல்லாம எனக்கு நலங்கு வேணாம்" என்று மட்டும் சொன்னாள். என்ன தப்பு நடந்தது என்றே தெரியாமல் அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் பறந்தேன்.

போகும் வழியெல்லாம் பதில்களை ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் பயன்படவில்லை. அத்தை மணியம் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கூடவே தோட்டத்துப் பெண்கள் பாதிப் பேர். அந்தத் தோட்டத்தில் போனுக்கு லைன் கிடைக்காது. கடைக்காரர் மணியம் போட்டிருக்கும் வைஃபைதான் மொத்தத் தோட்டத்துக்கும் இணையம். அதனால் சாயங்காலம் ஆனால் எல்லோரும் அங்கேதான்.

"வா" என்றார் அத்தை. ஒரே ஒரு வா. சாப்பிட்டியா இல்லை, இளைச்சிட்டியே இல்லை. பிறகு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இத படி. சத்தமா படி. நீ எழுதுனதுதானே?"

குத்துவிளக்கு. சிரிக்கும் அக்கா. தங்க எழுத்து. படம் பிடித்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் அத்தை எல்லோரையும் கடை வாசலுக்குக் கூட்டிவந்திருக்கிறார். "நம்ம பவானி கல்யாணம், எல்லாரும் ஒண்ணா தட்டுங்க." யாருக்கும் சரியாக வழி தெரியாததால், சாமான் வாங்க வந்த சுபர்னோவின் போனில் முதலில் முயன்று பார்த்திருக்கிறார்கள். அது போயிற்று. பிறகு தோட்டமே சேர்ந்து தட்டியிருக்கிறது. எத்தனை போன் இருந்தால் என்ன, ஒரே வைஃபை, ஒரே முகவரி. அக்காவின் படங்களை வேறு நான் அள்ளிப் போட்டிருந்தேன், ஒவ்வொரு படமும் ஒரு தட்டல். ஐஸ்பெட்டி மேலிருந்த என் காவல்காரன், கொள்ளைக்கூட்டம் வந்துவிட்டதென்று கதவைச் சாத்திவிட்டான்.

"அத்தை, அது உங்கள சொல்லல" என்றேன் பதறிப்போய். "கள்ளனுங்க வந்தா அவனுங்களுக்குச் சொல்றது."

"ஓ. அப்ப நாங்க கள்ளனுங்க?"

"அலாமாக், இல்லத்தை..."

"சுபர்னோவுக்கு மட்டும் அனுமதி இருக்குல்ல?" என்றார் பின்னாலிருந்து தோட்டத்துப் பெண் ஒருவர். "புள்ளய தூக்கி வளத்தவளுக்கு இல்ல."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. இந்த அவமானத்தோடு அவர்கள் அத்தனை நாள் இருந்திருக்கிறார்கள். நான் ரஹாங்கில் இருந்துகொண்டு அவர்களுக்குத் தட்டத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதே சரிசெய்து காட்டுகிறேன் என்று என் போனை மணியம் கடை வைஃபையில் இணைத்தேன். சர்வரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். குத்துவிளக்கு வந்தது. அக்கா சிரித்தாள். "மன்னிக்கவும். தங்களுக்கு இங்கே அனுமதி இல்லை. மீண்டும் முயல வேண்டாம்."

"அத்தை! பாருங்க! எனக்கே இல்ல!" என்று கத்தினேன். வாழ்க்கையில் விரட்டப்பட்டதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அத்தை என் போனை வாங்கித் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். உதடு துடித்தது. "சொந்த அக்கா கல்யாணத்துக்கே ஒனக்கு அனுமதி இல்லையாடா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வரும்வரை நிறுத்தவில்லை. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மணியம் கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நான் மோட்டாரை மெயின் ரோட்டுக்கு ஓட்டி, லைன் கிடைத்த இடத்தில் நின்று அந்தத் தடையை அழித்தேன். ஒரே ஒரு வரி. சர்வர் உடனே மன்னித்துவிட்டது. திரும்பி வந்து, "இப்ப தட்டுங்க அத்தை, திறக்கும்" என்றேன்.

அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டார். "எதுக்குத் தட்டணும்? நீ என்னைய அழைச்சியா?"

நீட்டிய போனை மெல்லச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தை எழுந்து வீட்டுக்குப் போய்த் தன்னுடைய தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். வேலியில் படர்ந்த கொடியிலிருந்து தானே வெற்றிலை பறித்து அடுக்கினார், பாக்கு வைத்தார், குங்குமச் சிமிழை வைத்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போய்த் தட்டினேன். யாரோ புது ஆள் வந்ததுபோலத் திறந்தார்.

"அத்தை, அக்காவுக்குக் கல்யாணம். நீங்க வந்துதான் முதல் நலங்கு வைக்கணும்."

"வராம?" என்றார் அத்தை. கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

பிறகு மற்ற வீடுகள். எல்லா வீட்டிலும் உட்கார்ந்தேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணீர். சம்பளத்தைச் சொன்னேன், கல்யாணம் எப்போது என்பதற்கு இளித்தேன். எல்லோருக்கும் என்னைத் துரத்திய அந்தப் படத்தையும் காட்ட வேண்டியிருந்தது. கடைசி வீட்டில் எழுந்தபோது வயிறு குலுங்கியது, ஆனால் அன்றைக்குத்தான் என் கால் பரபரக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்தின் பின்னால் வெங்காயம் மலையாகக் குவிந்திருக்க, அத்தை எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் பித்தளைக் கிண்ணம் அலமாரியை விட்டு வெளியே வந்தது. பந்தியில் மேசை ஒதுக்கீட்டை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுபர்னோ பூப்போட்ட பாத்தேக் சட்டையில், சொன்னபடியே ஐந்து பேராக வந்து, சைவமும் அசைவமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். போவதற்கு முன் அண்டா கழுவவும் உதவினார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் தாம்பாளம் என் பொறுப்பு. காதுகுத்து, சடங்கு, புதுமனை எதுவானாலும் நான்தான் ஏறி இறங்க வேண்டும். நான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர், "மன்னிக்கவும்..." என்று இழுப்பார். மற்றவர்கள் மீதியை முடிப்பார்கள்.

போன வருடம் எனக்கும் அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மாலையும் தலைப்பாகையுமாக நான் வாசலுக்கு வந்தபோது நாதஸ்வரம் சட்டென்று நின்றது. அக்கா குறுக்கே கை நீட்டி நின்றாள். பக்கத்தில் லெட்சுமி அத்தை. அவர்களுக்குப் பின்னால் தோட்டமே திரண்டு நின்று ஒரே குரலில், "தங்களுக்கு இங்கே அனுமதி இல்லை!" என்றது. மணப்பெண் மேடையில் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் கெஞ்சினேன், யாரும் அசையவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதே பாத்தேக் சட்டையில் சுபர்னோ வந்தார். தோட்டத்தில் முறைப்படி பதிவு செய்து அனுமதி வாங்கிய ஒரே ஆள் அவர்தானே. அக்காவின் கையைப் பணிவாக ஒதுக்கி, என் தோளைப் பிடித்து, "மாசுக், மாசுக்" என்று என்னை என் கல்யாணத்துக்கு உள்ளே அழைத்துப் போனார்.