மணலில் ஓடாத வண்டி

இந்தக் கோடை விடுமுறைக்கு மலைக்குத்தான் போவது என்று பல் டாக்டர் முடிவெடுத்துவிட்டார். எடுத்த முடிவை மனைவியிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

கிளினிக்கில் அவர் ராஜா. அவர் பேசுவார், எதிரே சாய்ந்திருப்பவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டிலும் ஒருவர் பேச, மற்றவர் வாயைத் திறந்தபடி கேட்பதுதான் வழக்கம். ஆள்தான் மாறும்.

அவர் மனைவி காப்பீட்டு அலுவலகத்தில் வாகன விபத்துகளை விசாரிக்கும் அதிகாரி. "மரத்துல மோதிட்டேன் மேடம்" என்று வருகிறவரிடம், "மரம் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?" என்று சாதுவாகக் கேட்பாள். வந்தவர் வேர்த்து விறுவிறுத்து, வந்த வழியே போய்விடுவார்.

அவளுக்குக் கடல் என்றால் உயிர். மீன் மாதிரி நீந்துவாள். டாக்டருக்கு நீச்சல் தெரியாது. போன கோடை முழுக்க அவர் கரையில் உட்கார்ந்து அவள் செருப்புக்குக் காவல் இருந்தார். படித்த படிப்புக்கு அது ஏற்ற உத்தியோகமாக அவருக்குப் படவில்லை.

ஆகவே திட்டம் போட்டார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்குப் பேசினார். உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. ஓடுகிற வீடு.

"பிரமாதம்! கடலுக்குப் போலாங்க. அலைக்குப் பக்கத்துலயே நிறுத்திட்டு, படுத்தபடியே பாக்கலாம்" என்றாள் அவள்.

"அங்கதாம்மா சிக்கல்." பல்லைப் பிடுங்கித்தான் ஆகணும் என்று சொல்லும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை டாக்டர் எடுத்து மாட்டிக்கொண்டார். "இது மலை வண்டி. கனம் ஜாஸ்தி. மணல்ல இறங்கினா புதைஞ்சிடும்."

"அப்படியா?"

"அச்சு வரைக்கும்."

"நாலு சக்கரமும் இழுத்தாலுமா?"

"நாலும் சேர்ந்து இழுக்கறதாலதான் நாலும் சேர்ந்து புதையும்."

அவள் அலுவலகத்தில் பேசுகிற அதே சாதுவான குரலில் சொன்னாள்: "அடடா. அப்ப மலைக்கே போலாம்."

மரத்துப்போக ஊசி போடாமலே பல் கையோடு வந்துவிட்டது. டாக்டர் அன்று முழுக்க விசில் அடித்தார்.

கிளம்பினார்கள். உயரமான இருக்கையில் உட்கார்ந்ததும் டாக்டருக்கு உலகமே கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. கார்க்காரர்களை மன்னித்தார். பஸ் டிரைவர்களைப் பார்த்துச் சக கலைஞனாகத் தலையசைத்தார். மலைக்கும் கடலுக்கும் பாதை பிரிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். டீசல் போட நிறுத்தினார்கள். காபி வாங்கப் போன மனைவி தொங்கிய முகத்தோடு திரும்பினாள்.

"ஏங்க, மலைப்பாதையில மண்சரிவாம். காபி ஊத்தற அம்மா சொன்னாங்க. பாறை உருண்டு ரோடே அடைச்சுக்கிச்சாம்."

"எப்ப சரி பண்ணுவாங்களாம்?"

"உங்க லீவு முடிஞ்சப்புறம்."

டாக்டர் தாடையைத் தடவினார். பிறகு, தானே கண்டுபிடித்த வைத்தியம் போல அறிவித்தார்: "ஆபத்துன்னு தெரிஞ்சா வண்டியைத் திருப்பறவன்தான் நல்ல டிரைவர். கடலுக்கே போறோம்."

"நீங்க எடுக்கற முடிவு என்னிக்குங்க தப்பாயிருக்கு?" என்றாள் அவள்.

தார் ரோடு ஒரு மேட்டில் முடிந்தது. அதற்கு அப்பால் அகலமான மணல்வெளி, தண்ணீரோரமாக நாலைந்து மரங்கள், நல்ல நிழல். டாக்டர் கியரில் கை வைத்தார்.

"ஐயோ, நிறுத்துங்க!"

"என்னாச்சு?"

"மணல்! புதைஞ்சிடும்னீங்களே, அச்சு வரைக்கும்!"

"அது வந்து... கொஞ்ச தூரம்தானே..."

"வேணவே வேணாங்க. வாடகை வண்டி. இங்கயே நிக்கட்டும். சாமானை மட்டும் அந்த நிழலுக்குக் கொண்டுபோயிடுங்க, போதும்."

பொய்யை ஒப்புக்கொள்வது, இல்லையென்றால் சுமப்பது. டாக்டர் சுமந்தார். மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நடை. அடுப்பும் சிலிண்டருமாக ஒரு நடை. தண்ணீர் கேன் ஒரு தோளில், மடக்கு நாற்காலி இன்னொரு தோளில். நாற்காலி வழியில் தானாகவே விரிந்து அவரை உட்கார வைக்கப் பார்த்தது. வெயில் உச்சந்தலையில் துளை போட்டது. அடிக்கு அடி கால் புதைந்தது. வண்டி மட்டும் ரோட்டில் சுகமாக நின்றது.

"மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல!" என்று கடலில் மல்லாந்து மிதந்தபடி மனைவி கையசைத்தாள்.

கடைசிச் சுமையை இறக்கியபோது, தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். "மலைக்குன்னு கிளம்பினவங்க சார் நாங்க" என்று டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"நாங்க காலையிலதான் மலையிலேர்ந்து இறங்கி வர்றோம் சார். ரோடுன்னா அது ரோடு. கண்ணாடி மாதிரி."

"மண்சரிவு?"

"எங்க சார்?"

டாக்டர் விடுவிடென்று தண்ணீரோரம் போனார். மனைவி கூந்தலைப் பிழிந்துகொண்டே கரையேறிக் கொண்டிருந்தாள்.

"மண்சரிவுன்னியே!"

"மணல்ல புதையும்னீங்களே!"

டாக்டரின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. உள்ளே எல்லாப் பல்லும் இருந்தன. சொல்தான் ஒன்றுகூட இல்லை.

"ரெண்டும் சரிக்குச் சரியாயிடுச்சு, விடுங்க," என்று அவள் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

மேட்டில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கியருக்குப் பக்கத்தில் இருந்த, டாக்டர் இதுவரை கவனித்தே இராத, நாலு சக்கரத்தையும் சேர்ந்து இழுக்க வைக்கிற ஒரு குட்டிக் கம்பியை இழுத்துவிட்டாள். வண்டி ஒரு உறுமு உறுமியது. படகு மாதிரி மணலில் வழுக்கிக்கொண்டு வந்து, சாமான் குவியலுக்குப் பக்கத்தில், மர நிழலில், அலைக்கு நேர் எதிரே அழகாக நின்றது.

ஜன்னல் கண்ணாடியை இறக்கி அவள் தலையை நீட்டினாள்.

"எதுக்குங்க இவ்வளவையும் வெளிய பரப்பி வெச்சிருக்கீங்க? எடுத்து உள்ள வைங்க."