மாமியின் இரண்டு தாலிக்கொடிகள்

மாமியார் வீட்டில் புது மருமகன் ஒருபோதும் செய்யக்கூடாத காரியம் உதவிக்குப் போவது. தருகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே இருந்து, யாராவது கண்ணில் பட்டால் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. இந்த ஞானம் எனக்குக் கல்யாணமாகி நாலாம் மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வந்தது. (காலையிலேயே வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திராது.)

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். சுபாவைக் கட்டிய பிறகு வெள்ளவத்தையில் அவள் வீட்டில் இருந்தோம். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை சுபாவின் தம்பிக்குக் கல்யாணம். வீட்டில் எல்லோரும் ஓடித் திரிந்தார்கள். எனக்கு மட்டும் வேலை இல்லை. எதைத் தூக்கப் போனாலும், "நீங்கள் இருங்கோ தம்பி" என்று மாமி பறித்துவிடுவார். இருந்து இருந்து எனக்கு இடுப்பில் நாரி பிடித்துவிட்டது.

சனிக்கிழமை காலை மாமி வெள்ளிச் சாமான்களை மேசையில் பரப்பினார். குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு, சின்ன விளக்குகள், ஒரு தட்டம். கடற்காற்றுக்கு எல்லாம் கறுத்துப் போயிருந்தன. திருநீறு போட்டுத் தேய்த்துத் தருகிற பெண்ணுக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

"நான் செய்யிறன் மாமி" என்றேன். உயர்தரப் பரீட்சையில் கெமிஸ்ட்ரிக்கு 'சீ' எடுத்தவன் நான். அந்தத் துணிச்சல்.

பேசினில் அலுமினியத் தாளை விரித்து, அப்பச்சோடாவும் உப்பும் போட்டு, கொதிதண்ணீரை ஊற்றிச் சாமான்களை அமிழ்த்தினேன். கறுப்பு கழன்றது. ஒரேயொரு பிரச்சினை, மணம்.

"ஆர் இந்த வீட்டில முட்டை அவிக்கிறது?" என்று மாமா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். கல்யாணத்துக்காக வீடே மீன், முட்டை தொடாமல் மரக்கறி காத்துக்கொண்டிருந்தது.

"முட்டை இல்லை மாமா, கெமிஸ்ட்ரி."

மாமா நம்பவில்லை. குசினிக்குள் வந்து சட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் மாமி தட்டத்தைத் தூக்கி முகம் பார்த்தார். "கடையில குடுத்தாலும் இப்படி வராது" என்றார். அந்த ஒரு வசனத்தில் என் புத்தி கெட்டது.

"தாலிக்கொடியையும் கொண்டாங்கோ மாமி" என்றேன்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. மாமிக்குப் பதினொரு பவுனில் ஒரு தாலிக்கொடி உண்டு. ஆறு வருடத்துக்கு முன்பு, கீழ் வீட்டு அக்காவின் சங்கிலியைச் சனம் நெரியும் காலி வீதியில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் அறுத்துக்கொண்டு போனான். அன்றே மாமா முடிவெடுத்தார். செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் அச்சு அசலாக இன்னொன்று செய்வித்தார். வெள்ளியில் செய்து மேலே தங்கமுலாம். கழுத்து ஏமாற வேண்டும் என்று, உள்ளே பொள்ளலான அசலுக்கு இதைக் கெட்டியாக வார்த்துப் பாரமும் சரிக்குச் சரி. அன்றிலிருந்து அசல் வங்கி லொக்கரில், நகல் மாமியின் கழுத்தில். மாறிவிடாமலிருக்க நகலின் கொளுக்கியில் மாமா தன் கையால் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார்.

அந்த நகலைப் பற்றி மாமாவுக்குப் பெருமை தாங்காது. "ஆறு வருசம்! வேர்வை, சவர்க்காரம், கடல் காத்து. நிறம் ஒரு பொட்டுப் போகேல்லப் பாருங்கோ தம்பி. இமிட்டேஷன் எண்டா இதெல்லோ இமிட்டேஷன்!" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் பார்த்துப் பார்த்து வியந்திருக்கிறேன்.

மாமிக்கு அதில் பெருமை இல்லை. கட்டின தாலியைக் கழற்றி வங்கியில் வைத்துவிட்டு முலாம் பூசினதைப் போட்டுத் திரிகிறோமே என்று மனக்குறை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் வங்கி இருக்கிற பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையின் தாயாக நிற்கும்போதாவது அசலோடு நிற்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே அதை வங்கியிலிருந்து எடுப்பித்து வந்திருந்தார். பெட்டியோடு கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"கழுத்தில கிடக்கிறதையும் தாங்கோ மாமி. ஒரே தண்ணியில ரெண்டையும் கழுவிப்போடுறன்."

மாமி யோசித்தார். பிறகு உள்ளே போய், மஞ்சள் துண்டு கோத்த கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்துதான் நகலைக் கழற்றித் தந்தார். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது.

இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவம் நாலு துளி, பழைய பல்துலக்கி. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். நகலின் கொளுக்கியில் அந்தச் சிவப்பு நூல் ஊத்தை பிடித்து, கறுத்து, அருவருப்பாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டி எறிந்தேன். (சுத்தம் என்றால் சுத்தமாக இருக்க வேண்டாமா?) இரண்டையும் தேய்த்து, அலசி, துவாயில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திவிட்டு மாமியைக் கூப்பிட்டேன்.

மாமி வந்து பார்த்தார். "வடிவா வந்திருக்கு. எங்க நூல்?"

"எந்த நூல்?" என்று கேட்டுக்கொண்டே குப்பைக் கூடையைத் திரும்பிப் பார்த்தேன்.

துவாயில் இரண்டு கொடிகள். ஒரே நீளம், ஒரே பாரம், ஒரே மினுக்கம். மாமி இடதுகைப் பக்கம் கிடந்ததைத் தொட்டு, "இது குளிருது, இதுதான் என்ர" என்றார். மாமா இரண்டையும் மேசையில் தட்டிப் பார்த்து, வலதுதான் தங்கச் சத்தம் என்றார். சுபா முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டிலும் முட்டை மணக்கிறது என்றாள். இந்த ஆராய்ச்சியில் கொடிகள் கை மாறி மாறி, மாமி சொன்ன இடது எது, மாமா சொன்ன வலது எது என்பதும் குழம்பிப் போயிற்று. திரும்பவும் தொட்டபோது மாமிக்கு இரண்டும் குளிர்ந்தன.

"கெமிஸ்ட்ரி படிச்சனீங்களெல்லோ, சொல்லுங்கோ எது எண்டு" என்றாள் சுபா. நான் என் 'சீ'யை நினைத்துக்கொண்டு துவாயை மடிக்கத் தொடங்கினேன்.

மாமி அழவில்லை. ஏசவுமில்லை. "நாளையிண்டைக்குச் சபையில நான் எதைப் போட்டுக்கொண்டு நிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஓட்டோ பிடித்து, தெரிந்த பத்தர் ஒருவரின் நகைப் பட்டறைக்குப் போனோம். மாமா கொடிகளை மடியில் அமுக்கிப் பிடித்தபடி, "மல்லி, ஹெமின் யன்ன" என்று சிங்களத்தில் சாரதியை மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். சுபா என் பக்கம் திரும்பவேயில்லை.

பத்தர் உரைகல்லில் இரண்டையும் உரைத்தார். ஒரு சொட்டு அமிலம் விட்டார். "இது தங்கம். இது வெள்ளி, முலாம் பூசினது" என்று பிரித்து வைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பத்தர் தங்கக் கொடியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்து முகத்தைச் சுளித்தார்.

"ஆர் இதைக் குறட்டால கடிச்சு வைச்சது? இந்த வளையத்தைப் பாருங்கோ. தங்கத்தில இப்படியோ வேலை செய்யிறது? மற்றதில ஒரு கீறல் இல்லை, கழுத்தில போடாத சாமான் போல கிடக்கு."

மூவரும் மாமாவைப் பார்த்தோம். போன வருடம் கொளுக்கிக்குப் பக்கத்து வளையம் கழன்றபோது, "இமிட்டேஷனுக்குப் பத்தர் எதுக்கு" என்று தானே குறடு எடுத்துக் கடித்து நெரித்த கதையை என்னிடமும் சொன்னவர் அவர். அது மாமியின் கழுத்தில் கிடந்த கொடி; வீட்டில் அந்தப் பதற்றத்தில் இது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கழுத்தில் கிடந்தது நகல். நகலைத்தான் மாமா கடித்தார். கடிபட்டது தங்கம். அப்படியென்றால்... விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் தடவைதான் கணக்கு வந்தது.

"நீங்கள் அண்டைக்கு நூல் கட்டேக்க கண்ணாடி போட்டிருந்தனீங்களோ?" என்று மாமி மெதுவாகக் கேட்டார்.

மாமா பட்டறைச் சுவரில் தொங்கிய கலண்டரை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார்.

ஆறு வருடமாக மாமி பதினொரு பவுனோடு 100ஆம் நம்பர் பஸ்ஸில் நெரிபட்டுப் புறக்கோட்டைக்குப் போய் வந்திருக்கிறார். யாராவது, "அம்மா, சங்கிலி கவனம்" என்றால், "இது இமிட்டேஷன்" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை ஹெந்தளையில் தங்கை வீட்டுக் குளியலறை ஆணியில் கொழுவிவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வந்து, "அவசரமில்லை, வரேக்க கொண்டு வா" என்று போனில் சொல்லியிருக்கிறார். மாமாவோ வருடத்துக்கு ஒருக்கால் கார் பிடித்து, வாய் திறக்காமல், மடியில் லொக்கர் சாவிப் பையை அணைத்துக்கொண்டு போய், வெள்ளிச் சங்கிலி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

மாமி முக்காலியில் இருந்து அழுதார். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வங்கியைப் பாத்து மன்னிப்புக் கேட்டனான் தம்பி. என்ர தாலி இவ்வளவு காலமும் என்ர கழுத்திலதானே கிடந்திருக்கு" என்றார். அதுவரை மரியாதைக்குத்தான் அவரை மாமி என்று கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் பாசம் வந்தது.

பத்தர் குறட்டுக் காயத்தைத் தேய்த்து இல்லாமல் ஆக்கினார். தங்கத்தை மாமி அங்கேயே கட்டிக்கொண்டார். கல்யாணம் சிறப்பாக நடந்தது. எல்லாப் படத்திலும் மாமி வலது கையால் கொடியைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

அதற்குப் பிறகுதான் வினை. மாமி வீட்டை விட்டு இறங்குவதில்லை. சந்தைக்குப் போகப் பயம், கோயிலுக்குப் போகப் பயம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மூன்றாம் மாடியிலும் கழுத்தைப் பிடிப்பார். லொக்கரில் திரும்ப வைக்கவும் மனமில்லை. மூன்றாவது கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கொடியையும் கையில் தந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு.

"தம்பி, இதுகளைத் திரும்பவும் கழுவுங்கோ. கழுவிப்போட்டு அசலை என்ர கழுத்துக்குத் தாங்கோ. ஆனா அது அசல் எண்டு எனக்குச் சொல்லக் கூடாது, காதால கேட்டாத்தான் பயம் வரும். ஆருக்கும் சொல்லாதேங்கோ. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சால் போதும்."

கழுவினேன். ஒன்றை மாமியிடம் கொடுத்தேன், மற்றதை மாமா லொக்கருக்குக் கொண்டுபோனார். மாமி அடுத்த நாளே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

இப்போது நாங்கள் ஹெவ்லொக் டவுனில் தனியாக இருக்கிறோம். ஆனாலும் ஞாயிறு தவறாமல் மாமி வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. மேசையில் எதிரே இருந்து அவர் கழுத்துக் கொடியின் நிறம் எங்கேயாவது வெளுத்திருக்கிறதா என்று களவாகப் பார்ப்பேன். "அத்தானுக்கு அம்மாவின்ர பவுனிலதான் கண்" என்று மச்சான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். மாமி அவனை அதட்டிவிட்டு, "மருமகனுக்கு என்னில அவ்வளவு பாசம்" என்று இன்னொரு கரண்டி சோறு போடுகிறார். நான் சாப்பிடுகிறேன். அன்றைக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, கதைத்துவிட்டு வந்து பார்த்தால் எது எதென்று எனக்கும் தெரியவில்லை என்பதை இந்தக் குடும்பத்தில் யாரிடம் சொல்வது?