மலைக்குன்னு தைத்த பேன்ட்

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு நான் ஒரு பேன்ட் வாங்கியதில்லை. துணி எடுப்பவள் மாதம்மா. நிறம் சொல்பவள் மாதம்மா. தையல்காரரிடம் என் இடுப்பளவைச் சொல்பவளும் அவள்தான், அதுவும் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. இந்த ஆடி மாதம் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த ஒரு பேன்ட்டை நான்தான் தேர்ந்தெடுப்பேன். என்ன ஆனாலும் சரி.

காரணம் பசவராஜ். நஞ்சன்கூட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எதிலாவது ஏறியாக வேண்டும் அவருக்கு. இந்த மழைக்குக் குடகுப் பக்கம் ஒரு மலைக்கு வேன் பிடித்திருந்தார். உச்சியில் எல்லோரும் நின்று ஒரு போட்டோ. அதைப் பெரிதாக்கி கேன்டீன் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு.

"அய்யாவு வரமாட்டாரு. வீட்டுல பர்மிஷன் கெடைக்காது" என்றார்கள் கேன்டீனில். சாம்பார் ஊற்றுகிறவர்கூடச் சிரித்தார்.

"அந்தப் போட்டோவுல நடுவுல நிக்கறது நான்தான், எழுதி வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மைசூர் வந்து சேர்ந்தேன்.

மாதம்மா சீமைக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தடுப்பாள் என்று நினைத்து, அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"ஏனுங்க, நானும் வரட்டுங்களா?" என்றாள்.

இதற்குப் பதில் தயாரில்லை. பசவராஜ் குடும்பத்தோடுதான் வரச் சொல்லியிருந்தார். ஆனால் இவள் பக்கத்தில் நின்றால், என் காலால் நான் ஏறினேன் என்று கேன்டீனில் யார் நம்புவார்கள்?

"அங்கெல்லாம் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. முள்ளு. கீழ அட்டை, மேல மழை. சேலை கட்டினவங்க அந்த மலை ஏற முடியாது."

"பசவராஜ் சொன்னாருங்களா?"

"சட்டமே போட்டுட்டாரு. பேன்ட் போட்டவங்கதான் வேன்லயே ஏறலாம்."

"அப்படீங்களா" என்றாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன், அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அப்ப நல்ல பேன்ட்டா ஒண்ணு வேணுமில்லீங்க."

"நானே போய் வாங்கிக்குவேன்."

"வாங்குங்க. நான் பை தூக்கிட்டு வர்றேன்."

தேவராஜ அரசு ரோட்டில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். "இருக்கறதுலயே தடிமனான ஜீன்ஸ் எடுங்க" என்றேன். கடைக்காரர் எடுத்துப் போட்டது, ஆள் இல்லாமலே எழுந்து நிற்கும் போலிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முள்ளாவது கிள்ளாவது.

மாதம்மா கடைக்காரரிடம் கன்னடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தாகம் என்று நினைத்தேன். வாங்கி, விரல் நனைத்து, ஜீன்ஸ்மேல் சொட்டுச் சொட்டாக வைத்தாள். கடைக்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"பாருங்க, எப்படிக் குடிக்குதுன்னு. நீங்க காப்பி குடிக்கற மாதிரியே."

"மலையில முள்ளுதான் முக்கியம்."

"மழைக்காலமுங்களே."

"இதுதான் எனக்கு வேணும்."

"எடுத்துக்குங்க. நான் வேண்டான்னு சொன்னனுங்களா?"

சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய், பச்சை நிறத்தில் ஒரு நைலான் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். அதிலும் தண்ணீர் வைத்தாள். உருண்டு கீழே விழுந்தது. தோளிலிருந்த ஊக்கைக் கழற்றி வறக்கென்று கீறினாள். ஒரு இழைகூட வெளியே வரவில்லை. அதைப் பை தைக்கத்தான் வாங்குவார்கள், பேன்ட் யாரும் தைப்பதில்லை என்றார் கடைக்காரர். ஒரு பேன்ட்டுக்கு வெட்டச் சொன்னாள்.

"அதை நான் போட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"உங்களப் போடச் சொன்னனுங்களா? மலைக்குன்னு எடுக்கறேன்."

"மலைக்கா? மலை எதுக்குப் பேன்ட் போடுது?"

நான் சிரித்தேன். கடைக்காரரும் சிரித்தார். மாதம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு நாச்சம்மாள் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். இரண்டு நாளில் அந்தப் பச்சைப் பேன்ட் வீட்டுக்கு வந்தது. தையலெல்லாம் இரட்டைத் தையல். முட்டியில் ஒட்டு. கணுக்காலில் எலாஸ்டிக்.

"இது எதுக்கு?"

"அட்டை ஏறாதுங்க."

"இடுப்புலயும் எலாஸ்டிக்கா? சர்க்கஸ்காரன் போடற மாதிரி இருக்குது."

"போட்டுப் பாக்கறீங்களா?"

"மாட்டேன்."

"சும்மா விரிச்சாவது பாருங்க."

"தொடக்கூட மாட்டேன்."

"சரிங்க" என்று மடித்து வைத்தாள். முகத்தில் வருத்தமே இல்லை. அப்புறம் மஞ்சளைக் குழைத்து என் ஜீன்ஸின் ஓரத்தில் வைத்தாள், பச்சைப் பேன்ட்டின் ஓரத்திலும் வைத்தாள். எங்கள் வீட்டில் மஞ்சள் வைக்காமல் புதுத்துணி யாரும் உடுத்துவதில்லை.

"யாரும் போடாத துணிக்கு எதுக்கு மஞ்சள்?"

"புதுசுங்களே. யாராச்சும் ஒருத்தர் போடாமயா போயிருவாங்க."

எனக்குப் பாவமாக இருந்தது. என்மேல் உள்ள பாசத்தில் தைத்திருக்கிறாள், நான் இவ்வளவு கறாராக இருந்திருக்க வேண்டாம் என்றுகூடத் தோன்றியது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜீன்ஸை மாட்டிக்கொண்டு நாச்சம்மாள் வீட்டு வேலியில் இருந்த காகிதப்பூச் செடிக்குள் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தேன். பேன்ட்டில் ஒரு கீறல் இல்லை. கையில்தான் இருந்தது.

"அண்ணனுக்கு என்னாச்சு மாது?" என்று நாச்சம்மாள் ஜன்னலில் இருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. பேன்ட் வாங்கியிருக்காரு."

"பாத்தியா, முள்ளு தொடல" என்றேன்.

"தொடலீங்க. நனைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"நனைஞ்சா காயும்."

"இந்த மழையிலயா?"

அங்கேதான் வாய் என்னைக் கெடுத்தது. "ரெண்டையும் நனைச்சுப் போடு. சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள என் ஜீன்ஸ் காயலைன்னா நான் மலைக்கே போகல, போதுமா?"

சனிக்கிழமை காலையில் இரண்டையும் வாளியில் முக்கி, போர்டிகோ கொடியில் போட்டாள். மைசூரில் அன்றைக்குப் பூராவும் பிசுபிசுவென்று தூறல். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பச்சைப் பேன்ட் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் ஜீன்ஸ் ஆடவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது. நான் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தேன். பொழுது சாயும் நேரத்திலும் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும். மலை போச்சு, போட்டோ போச்சு. திங்கட்கிழமை கேன்டீனில் எந்த முகத்தோடு போய் உட்காருவது?

"நாச்சம்மாக்கா வீட்டுக்குப் போய்ட்டு வர்றேனுங்க. வர லேட்டாகும்" என்று அவள் கிளம்பினாள்.

உள்ளே வந்து பார்த்தால், மேசைமேல் இஸ்திரிப் பெட்டி. எப்போதும் பரணில் கிடக்கும் பெட்டி. கடவுளே கொண்டுவந்து வைத்ததாக நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தேன். அறை முழுக்க ஆவி. இரண்டு விரல் சுட்டது. கால் பாகம் காய்ந்தால் இடுப்பு ஈரம், இடுப்பு காய்ந்தால் பாக்கெட் ஈரம். ஒருவழியாக முடித்துக் கொடியில் போட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்தபோது அவள் வந்தாள்.

ஜீன்ஸைத் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிருச்சுங்களே. சூடாக்கூட இருக்குது."

"நடுவுல கொஞ்சம் வெயில் அடிச்சுது."

"அடிச்சுதுங்களா" என்றாள். அவள் தலைமுடியில் தூறல் துளித்துளியாக நின்றிருந்தது. "அப்ப நீங்கதான் ஜெயிச்சீங்க. ஜீன்ஸே போட்டுட்டுப் போங்க."

அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் அப்படிப்பட்ட தூக்கம்.

ஞாயிறு விடியலில் வேன் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையாட்டலாம் என்று வீட்டுப் பக்கம் திரும்பினேன். மாதம்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மேலே என் பழைய முழுக்கைச் சட்டை. கீழே பச்சைப் பேன்ட். தோளில் ஒரு பை. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அளவெடுத்துத்தான் தைத்திருக்கிறாள், எனக்கில்லை.

"நீ எங்க?" என்றேன்.

"பேன்ட் போட்டவங்க வரலாமுன்னு சட்டமுங்களே."

"என்ன சட்டம்?" என்றார் பசவராஜ்.

"ஒண்ணுமில்ல சார்" என்று நகர்ந்து இடம் விட்டேன்.

"நான் அதைப் போட்டுப் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று காதோடு கேட்டேன்.

"முட்டிக்கு மேல ஏறியிருக்காதுங்க. ஆனா நீங்க போட மாட்டீங்கன்னு தெரியும்."

மலை அடிவாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. உண்ணிச்செடி இருபுறமும் வழியை மூடி நின்றது. முள் என் ஜீன்ஸை ஒன்றும் செய்யவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் முதல் ஓடையைத் தாண்டியதும் காலுக்கு ஒரு குடம் தண்ணீரைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. முட்டி மடங்கவில்லை. தொடை உரசி எரிந்தது. காலை அகட்டி அகட்டி நடந்தேன். மாதம்மா அதே ஓடையில் இறங்கினாள், கரையேறிக் காலை ஒரு உதறு உதறினாள், நடந்தாள். மழைத் தண்ணீர்கூட அவள் பேன்ட்டில் தங்காமல் உருண்டு ஓடியது.

பாதி வழியில் ஓடு வேய்ந்த ஒரு காவல் கொட்டகை. பசவராஜ் என் நடையைப் பார்த்துவிட்டு, "அதைக் கழட்டிப் போடுங்க அய்யாவு. இல்லைன்னா நாளைக்கு ஷிப்டுக்கு வரமாட்டீங்க" என்றார்.

கொட்டகைக் கம்பத்தில் ஜீன்ஸைத் தொங்கவிட்டேன். தரையில் ஒரு ஏரி உண்டாயிற்று.

"இஸ்திரிப் பெட்டியையும் கொண்டாந்திருக்கலாமுங்க" என்றாள் மாதம்மா மெதுவாக. "மேசைமேல எடுத்து வெச்சேன், பைக்குள்ள வெக்க மறந்துட்டேன்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, குளிராகவும் இருந்தது. அவள் பையைத் திறந்து அவளுடைய பழைய நூல்சேலை ஒன்றை எடுத்து, இரண்டாக மடித்து, என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். இதமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

"இப்படியே மெல்ல வந்துடறேன் மாது" என்றேன். "உச்சி பக்கந்தானே. போட்டோவுல இடுப்புக்கு மேல எடுக்கச் சொல்லிக்கலாம்."

"எப்படீங்க வர்றது?" என்று முடிச்சை இறுக்கினாள். "சேலை கட்டினவங்க அந்த மலை ஏற முடியாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போட்டோ இப்போது கேன்டீன் சுவரில் இருக்கிறது. நடுவில் பச்சைப் பேன்ட்டோடு நிற்பவள் மாதம்மா. அதே மாதிரி தைத்துத் தரச் சொல்லிப் பசவராஜ் நாச்சம்மாளிடம் துணி கொடுத்திருக்கிறார். நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஜீன்ஸ் புதன்கிழமை காய்ந்தது.